வாளிக்கணக்கு

கந்தப்பளைக்கு மேலே எங்கள் பீலியில்
ஒரு வாளி நிறைய இருபத்திரண்டு வினாடி.
நான்தான் அளந்தேன், போனில்,
மூன்று வருசத்துக்கு முன் ஒரு மாசி மாதம்.
நவமணியோடு பந்தயம்.
அவள் முப்பது என்றாள்.
தோற்று, இஞ்சி தட்டிப் போட்டு பிளேண்டி ஊற்றித் தந்தாள்.

இப்போது அதே வாளி.
நாலு நிமிடம் பத்து வினாடி.

இடையில் நடந்தது இவ்வளவுதான்:
ஊற்றுக்கு மேலே டர்பன்டைன் காட்டை வெட்டினார்கள்.
யன்னலே இல்லாத கட்டிடம் ஒன்று எழுந்தது.
உள்ளே பெட்டி பெட்டியாக இயந்திரங்கள்,
உலகத்தார் அனுப்பும் படங்களும் கணக்குகளும்
அதற்குள் சூடாகிக் கிடக்குமாம்.
சூட்டைத் தணிக்கத்தான்
குளிர் பார்த்து இடம் தேடி வந்தார்களாம்.
எங்கள் பிள்ளைகளுக்கு இருமலாய் வந்த குளிருக்கு
இப்படி ஒரு விலை இருந்தது
எங்களுக்குத் தெரியாது.

கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கூட்டம் வைத்தார்கள்.
பிஸ்கட் தந்தார்கள்.
பொறியியலாளர் வீரக்கோன் சிங்களத்தில் பேச
டெனிஸ்டன் தமிழில் சொன்னான்,
அங்கே இரவுக் காவல் அவன்.
'ஒரே தண்ணீரைத்தான்
திரும்பத் திரும்பச் சுற்ற விடுகிறோம்.'
சொல்லும்போது எங்கள் யாரையும் அவன் பார்க்கவில்லை.
பிஸ்கட் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்குக் கால் ஏக்கர்.
உறுதி இல்லை, வேலி உண்டு.
லீக்ஸ் நுனியிலிருந்து மஞ்சளாகி வருகிறது.
விடியற்காலையில் கட்டிடத்தின் தலையிலிருந்து
வெதுவெதுப்பாய் ஆவி இறங்கும்.
இலையெல்லாம் சொட்டச் சொட்ட நிற்கும்,
விரலால் கிளறினால் மண் பொருக்கு.
கிழங்குச் செடியில் கருகல்.
'ஈரம் இருக்குத்தான் அக்கா,' என்றாள் நவமணி,
'இருக்க வேண்டிய எடத்துல இல்ல.'

ஆனிக் காற்றில் மரம் விழுந்து
கரண்டுக் கம்பி அறுந்தது.
பாதையில் மண் சரிந்து
டீசல் வண்டி ராகலையோடு நின்றுபோனது.
மேலே பம்பு ஓயும் சத்தம்
எனக்குக் கேட்கவில்லை.
நடுச்சாமத்தில் கேட்டது வேறு.
மழை என்று எழுந்து வெளியே கை நீட்டினேன்,
கை நனையவில்லை.
பீலியைப் பார்த்து நாய்கள் குரைத்தன.

லயமே விழித்துக்கொண்டது.
வாளி, குடம், அண்டா,
எண்ணெய் வாசம் போகாத டின்,
தொட்டிலுக்கடியில் கிடந்த பேசின்.
ஒருவரும் சிரிக்கவில்லை,
திருடப் போனவர்கள் மாதிரி நிரப்பினோம்.
வரிசையின் கடைசியில்
காவல் சட்டையைக் கழற்றாமல்
இரண்டு கேனோடு டெனிஸ்டன்.
நான் விலகி இடம் விட்டேன்.

இருபத்திநாலு வினாடி.

குவைத்தில் இருக்கும் தர்சினிக்கு அதை எழுதினேன்.
போகவில்லை.
கோபுரத்துக்கும் கரண்டு இல்லையாம்.
சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.
மூன்று நாள் கரட்டைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன்,
தலைக்குக் குளித்தேன்,
பாத்திக்கு வேர் வரை ஊற்றினேன்.
மூன்று நாள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.
இரண்டில் எது வேண்டும் என்று
என்னை யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
உடனே சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறீர்களா?

நாலாம் நாள் மத்தியானம்
பீலியடியில் குனிந்திருந்தேன்.
இடுப்பில் போன் நடுங்கியது.
எழுதியது போய்ச் சேர்ந்துவிட்டது.
பதிலும் வந்தது:
'என்னம்மா இருபத்திநாலு?'

நிமிர்ந்தேன்.
பீலி மெலிந்துகொண்டிருந்தது,
விரல் அளவு, பிறகு திரி அளவு,
பிறகு வாளியின் அடியில்
ஒவ்வொரு சொட்டும் தனியாகக் கேட்கும் அளவு.

பதில் எழுதவில்லை.
வாளியைச் சரியாக வைத்துவிட்டு
நேரத்தை ஓடவிட்டேன்.
தர்சினி இன்னும் ஏதோ எழுதிக்கொண்டிருப்பதாக
மேலே காட்டியது.